வெறுங்கையோடு திரும்பியவர்களின் கணக்கு

கேள்வி இதுதான்: "ஒரு பொது நூலகத்தின் பொறுப்பு புதிதாக என்னிடம் வந்திருக்கிறது. அடுக்குகள் நிரம்பி வழிகின்றன. வாசகர் வரத்து குறைந்துகொண்டே போகிறது. வருகிறவர்களும் ஏதாவது குறை சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கணினி, புது அலமாரி, சுவருக்கு வர்ணம் எல்லாம் அப்புறம். முதல் மூன்று மாதத்துக்கு வழங்கல் மேசையில் அந்த நோட்டு இருக்கட்டும். அதில் எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வந்தவர் கேட்டு, நம்மால் கொடுக்க முடியாமல் போனது. தேதி, கேட்டது என்ன, ஏன் கொடுக்க முடியவில்லை. கேட்டவர் பெயர் வேண்டாம். காரணம் பெரும்பாலும் நாலில் ஒன்றாக இருக்கும். நம்மிடம் அந்தப் புத்தகமே இல்லை. இருக்கிறது, ஆனால் இரவலில் போயிருக்கிறது. பட்டியலில் இருக்கிறது, அடுக்கில் காணோம். அவர் கேட்டது என்னவென்று நமக்கே சரியாகப் புரியவில்லை.

நூலகத்தில் நாம் வைத்திருக்கிற மற்றப் பதிவேடுகள் எல்லாம் நடந்ததை மட்டும்தான் எழுதிக்கொள்கின்றன. வருகைப் பதிவேட்டில் வந்தவர் இருக்கிறார், இரவல் பதிவில் எடுத்துப் போனவர் இருக்கிறார், சேர்க்கைப் பதிவேட்டில் வாங்கிய புத்தகம் இருக்கிறது. அரை மணி நேரம் தேடிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சொல்லப்போனால், வருகைப் பதிவேட்டில் அவரும் ஒரு வருகைதான். ஆண்டறிக்கையில் அவரையும் சேர்த்துத்தான் பெருமைப்பட்டுக்கொள்வோம். வரத்து குறைகிறது என்று நமக்கு உறைப்பதற்குள் அப்படிப் பலர் போய்விட்டிருப்பார்கள். குறை சொல்கிறவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். அவர்கள் இன்னும் நம்மைக் கைவிடவில்லை என்று அர்த்தம்.

எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளை நூலகவியல் படித்த எல்லோரும் ஒப்பிப்பார்கள். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர் அவர். விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. புத்தகங்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிரி. சுவரில் சட்டம் போட்டு மாட்டுவதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான் இவற்றைச் சோதனைக் கேள்விகளாகவே வைத்துக்கொள்கிறேன். மேசையில் கிடக்கும் அந்த நோட்டின் ஒவ்வொரு வரியும் இந்த ஐந்தில் எங்கோ ஒன்று மீறப்பட்டிருப்பதைக் காட்டும்.

நாலு காரணங்களில் கடைசியிலிருந்து வருகிறேன். நிர்வாகிகள் அதிகம் கவனிக்காததும், செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடியதும் அதுதான்.

ஒருவர் மேசைக்கு வந்து, "சட்டப் புத்தகம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்கிறார். பணியாளர் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் நீட்டி, "அந்தக் கடைசி ராக்" என்கிறார். கேட்டதற்குச் சரியான பதில்தான். அவர் 340 என்று எண் போட்ட அடுக்கின் முன்னால் பத்து நிமிடம் நிற்பார். குற்றவியல் சட்டம், அரசியலமைப்புச் சட்டம், தடிமனான தீர்ப்புத் தொகுப்புகள். எதையோ எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. எத்தனை நாள் அவகாசம், பதில் எழுத வேண்டுமா, இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும், இதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. எளிய மொழியில் எழுதிய ஒரு சிறு கையேடும் ஒரு முகவரியும் இருந்திருந்தால் போதும்.

ராபர்ட் டெய்லர் என்பவர் 1968-இல் இதைப் பற்றி எழுதியது இன்றும் பாடமாக இருக்கிறது. தேவை என்பது மனத்துக்குள் நாலு படி தாண்டி வெளியே வருகிறது என்றார் அவர். முதலில் சொல்லத் தெரியாத ஒரு குறை. பிறகு மங்கலாக ஒரு நினைப்பு. பிறகு ஒரு தெளிவான கேள்வி. கடைசியில், "இந்த இடத்தில் எப்படிக் கேட்டால் கிடைக்கும்" என்று அவராகவே ஊகித்துச் சுருக்கிக்கொண்ட கேள்வி. மேசைக்கு வந்து சேர்வது கடைசியாக வரும் அந்தச் சுருங்கிய கேள்வி. அதற்கு மட்டும் பதில் சொன்னால் ஆள் வெறுங்கையோடுதான் போவார்.

அதனால் மேசையில் உட்காருகிறவர் பழக வேண்டிய வாசகங்கள் சில உண்டு. "அதில் எதைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்னு பார்க்கறீங்க?" என்று கேட்கலாம். "எதுக்கு?" என்று மட்டும் கேட்கவே கூடாது. விசாரணை மாதிரி இருக்கும். நோய் பற்றியோ கடன் பற்றியோ கேட்க வந்தவர் அப்படியே பின்வாங்கிவிடுவார். விஷயம் புரிந்ததும் கையை நீட்டாமல் எழுந்து கூட நடக்க வேண்டும். அடுக்கு வரைக்கும் நடக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பலர் உண்மையான கேள்வியையே சொல்வார்கள். ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பக்கமாகப் போய், "தேடினது முழுசாக் கிடைச்சுதா?" என்று ஒரு முறை கேட்க வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலப் பொது நூலகங்களில் 1980களில் நடந்த ஆய்வு ஒன்றில், சரியான விடை கிடைப்பதற்கு மிகவும் உதவிய பழக்கங்களில் முன்னால் நின்றது இந்தக் கடைசிக் கேள்விதான். அந்தக் காலகட்டத்தில் வாசகர் மாதிரி போய்க் கேள்வி கேட்டு மறைமுகமாகச் சோதித்துப் பார்த்தவர்கள், நூலக மேசையில் சொல்லப்படும் விடைகளில் ஏறக்குறைய 55 சதவீதமே சரி என்று திரும்பத் திரும்பக் கண்டார்கள். 1986-இல் ஹெர்னான், மெக்ளூர் என்ற இருவர் அதற்கு '55 சதவீத விதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் மேசை அதைவிடத் தேவலை என்று நினைப்பதற்கு முன் நோட்டைப் பாருங்கள்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமும் சட்டமும் கேட்டு வருகிறவருக்கு நம்பகமான நூலையும் தகவலையும் எடுத்துக் கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது. "இந்த மாத்திரையைப் போடலாமா?" என்பதற்கு நூலகர் பதில் சொல்லக் கூடாது, தனக்குத் தெரிந்திருந்தாலும்.

அடுத்தது, பட்டியலில் இருந்தும் அடுக்கில் காணாத புத்தகம். திருடு போயிருக்கும் என்றுதான் உடனே தோன்றும். பாதிக்கு மேல் அதே அறையில்தான் வேறு தட்டில் உட்கார்ந்திருக்கும். புத்தகத்தின் பொருளைக் குறிக்கும் தசமப் பகுப்பு எண்களின் வரிசையை, அடுக்குகிறவருக்குச் சொல்லித் தந்திருக்கிறோமா என்று பாருங்கள். 025.31 முன்னால் வரும், 025.4 பின்னால் வரும். 31 பெரிய எண், 4 சின்ன எண் என்று நினைக்கிறவர் மாற்றித்தான் வைப்பார். அவர் மேல் தப்பில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. புள்ளிக்குப் பின்னால் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் பத்து எண்களை எழுதிக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கால் மணி நேரப் பயிற்சி போதும்.

பிறகு தினமும் காலையில், திறப்பதற்கு முன், ஆளுக்கு ஒரு அடுக்கு என்று பிரித்துக்கொடுத்து வரிசை சரிபார்க்கச் சொல்லுங்கள். எல்லா அடுக்கையும் ஒரே நாளில் பார்க்க வேண்டியதில்லை, சுற்று வந்தால் போதும். குழந்தைகள் பகுதியும் புதினப் பகுதியும் சீக்கிரம் கலையும், அவற்றுக்கு அடிக்கடி முறை வர வேண்டும். வாசகர்களிடம், "எடுத்த புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் வைக்க வேண்டாம், மேசை மேல் விட்டுவிடுங்கள்" என்று எழுதிப் போடுங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. மேசை மேல் கிடக்கும் புத்தகங்களை எண்ணினால், வீட்டுக்கு எடுத்துப் போகாமல் உள்ளேயே எவை படிக்கப்படுகின்றன என்று தெரியும். இரவல் பதிவில் அது வராது. திரும்பி வந்த புத்தகங்களை உள்ளறையில் குவித்து வைக்கிற பழக்கமும் பல இடங்களில் உண்டு. அந்த வண்டியை அப்படியே வாசகர் கண்ணில் படும்படி நிறுத்துங்கள். இன்னொருவர் படித்துத் திருப்பியது என்றாலே ஒரு ஈர்ப்பு இருக்கிறது. பாதி வண்டி அடுக்குக்குப் போகாமலே மறுபடி இரவலில் போய்விடும்.

திறந்த அடுக்கு முறையை இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். பிரிட்டனில் 1894-இல் லண்டனின் கிளர்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் அதைக் கொண்டுவந்தபோது பெரிய எதிர்ப்பே கிளம்பியது. அதுவரை வாசகர் புத்தகத்தைப் பார்க்கவே முடியாது. ஒரு பெரிய பலகையில் எண்களைப் பார்த்து, உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். திறந்துவிட்டால் எல்லாம் திருடு போகும் என்றார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. காணாமல் போன ஒவ்வொரு புத்தகத்துக்கும் பணியாளரின் சம்பளத்தில் கை வைக்கிற விதி எங்கே இருக்கிறதோ, அங்கே புது நூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இயல்பான இழப்பு இவ்வளவு வரை ஏற்கப்படும் என்று மேலிடத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். பூட்டு தானாகத் திறக்கும்.

இப்போது நிரம்பி வழியும் அடுக்குகளுக்கு வருவோம். புத்தகத்தைக் கழிப்பது என்றாலே நம்மில் பலருக்குக் கை நடுங்கும். ஆனால் கழிக்காத அடுக்கு நல்ல புத்தகத்தை மறைத்துவிடுகிறது. ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் 1969-இல் காட்டியது நினைவில் இருக்கட்டும்: இரவலில் ஏறக்குறைய 80 சதவீதத்தை, இருப்பில் ஏறக்குறைய 20 சதவீத நூல்களே நிறைவேற்றுகின்றன. மீதி 80 சதவீதமும் குப்பை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அவற்றில் எதை வைத்துக்கொள்கிறோம், ஏன் வைத்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநில நூலகம் பரப்பிய 'க்ரூ' முறை இதற்கு நல்ல வழிகாட்டி. அது சொல்லும் ஆறு அடையாளங்கள்: தவறான தகவல் தருவது, சிதைந்துபோனது, புதிய பதிப்பு வந்துவிட்டது, மேலோட்டமானது, நம் வாசகருக்குச் சம்பந்தமில்லாதது, வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பது. இதோடு இரண்டு எண்களையும் சேர்த்துக்கொள்கிறது: வெளிவந்து எத்தனை ஆண்டு, கடைசியாக இரவலில் போய் எத்தனை ஆண்டு. மருத்துவ நூல் என்றால் ஐந்தும் மூன்றும் தாண்டினால் கழிக்கப் பார்க்கலாம். கணினி நூல் என்றால் வெளிவந்து மூன்றாண்டு தாண்டினாலே சந்தேகப்படலாம். புதினத்துக்கும் கவிதைக்கும் வெளியான ஆண்டு ஒரு பொருட்டே இல்லை.

அடுக்கின் முன்னால் நின்று செய்து பாருங்கள், நான் சொல்வது புரியும். நீரிழிவு பற்றி ஒரு புத்தகம். மேல் விளிம்பில் விரலை ஓட்டினால் தூசி ஒட்டுகிறது. பின்னட்டையின் தவணைச் சீட்டில் கடைசி முத்திரை ஆறு ஆண்டுக்கு முந்தையது. உள்ளே சொல்லியிருக்கும் சர்க்கரை அளவும் மருந்துப் பெயர்களும் மாறிவிட்டன. அட்டை மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது. இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் இது யாருக்காவது கிடைத்தால் கெடுதல் செய்யும். பக்கத்தில் ஒரு பழைய உள்ளூர் வரலாற்று நூல். அட்டை கிழிந்து, அதுவும் பல ஆண்டுகள் வெளியே போகாதது. அதைத் தொடாதீர்கள். வேறு எந்த நூலகத்திலும் ஒருவேளை அது இருக்காது. எண்களை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் கழிக்கும் வேலையை மென்பொருள் தரும் பட்டியலை வைத்து உட்கார்ந்த இடத்தில் செய்யக் கூடாது.

கழித்ததைப் பதிவேட்டிலும் பட்டியலிலும் அன்றே நீக்குங்கள். நூலகக் குழுவின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பழைய மருத்துவப் புத்தகத்தைப் பள்ளிக்குத் தானமாகத் தள்ளிவிடாதீர்கள், நமக்கு ஆகாதது அவர்களுக்கும் ஆகாது. ஒவ்வொரு தட்டிலும் கால் பங்கு காலியாக இருந்தால் புத்தகத்தை இழுக்க வசதி, புதிது சேர இடம், ஒரு புத்தகத்தை முகப்பு தெரியும்படி நிறுத்தவும் வழி. அப்படி முகம் காட்டி நிறுத்திய புத்தகம் சீக்கிரம் போகும். தொடங்கிய முதல் மாதத்தில், "புதுப் புத்தகம் நிறைய வாங்கியிருக்கீங்க போல" என்று யாராவது சொல்வார்கள். ஒன்றுகூட வாங்கியிருக்க மாட்டோம்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. கிழிந்த பக்கத்தில் சாதாரண செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் மஞ்சளாகிப் பிசின் பக்கத்தில் ஊறும். புத்தகத்தை முதுகின் மேல் நுனியைப் பிடித்து இழுக்காமல் நடுவில் பிடித்து எடுக்கப் பணியாளரைப் பழக்குங்கள். அடுக்கு சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வரும்.

இரண்டாவது காரணம், இருக்கிறது ஆனால் இரவலில் போயிருக்கிறது. இதற்கு முன்பதிவு வைத்தால் பாதி தீரும். ஒரே தலைப்புக்கு ஐந்தாறு பேர் காத்திருந்தால் இன்னொரு பிரதி வாங்குங்கள் என்று ஒரு எண்ணை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்; ஒவ்வொரு முறையும் கூடிப் பேச வேண்டியதில்லை. மறுபாதி தாமதம், அதாவது அபராதம் பற்றிய பேச்சு.

அபராதம் இல்லையென்றால் யார் திருப்பிக் கொடுப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். 2019 அக்டோபரில் சிகாகோ பொது நூலகம் தாமத அபராதத்தை ஒழித்து, பழைய பாக்கியையும் தள்ளுபடி செய்தது. அடுத்த சில வாரங்களில் திரும்பி வந்த புத்தகங்கள் 240 சதவீதம் கூடின என்று நூலகத் தரப்பே சொன்னது. வீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கொண்டுவந்தால் பணம் கேட்பார்களே என்று ஒளிந்திருந்தவர்கள் வந்தார்கள். நியூயார்க் நகரின் மூன்று நூலக அமைப்புகளும் 2021 அக்டோபரில் அதையே செய்தன. அப்போது பாக்கி காரணமாக முடக்கப்பட்டிருந்த உறுப்பினர் அட்டைகள் ஏறக்குறைய நாலு லட்சம். அந்த நாலு லட்சம் பேரில் யாரும் மேசைக்கு வந்து சண்டை போட்டிருக்க மாட்டார்கள். சும்மா வராமல் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு அபராதத்தை ஒழிக்கும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றாலும் செய்ய முடிந்தவை உண்டு. தவணை முடிய இரண்டு நாள் முன்பு ஒரு குறுஞ்செய்தி. யாரும் முன்பதிவு செய்யாத புத்தகத்துக்குத் தானாகப் புதுப்பிப்பு. குழந்தைகள் அட்டைக்கு மட்டுமாவது விலக்கு. அபராதத்துக்கு உச்ச வரம்பு. தொலைந்த புத்தகத்துக்குப் பணத்துக்குப் பதில் அதே புத்தகத்தின் வேறு பிரதியை ஏற்பது. அபராத வசூலையும், அதை வசூலித்து ரசீது போட்டுக் கணக்கு எழுதும் நேரத்தையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். மேலிடத்தில் பேசும்போது அது உதவும்.

முதல் காரணம், அதாவது புத்தகமே இல்லை என்பது, எல்லோரும் முதலில் நினைப்பது. அதனால் கடைசியாக வைத்தேன். இங்கே பெரிய ஆபத்து நூலகரின் சொந்த ரசனை. நல்ல இலக்கியம் படிக்கிறவர் வாங்கும் அதிகாரத்துக்கு வந்தால் சமையல், தையல், போட்டித் தேர்வு, வண்டி பழுதுபார்ப்பு எல்லாம் வாடிப்போகும். நேர்மாறாகவும் நடக்கும், கேட்டதை மட்டும் வாங்கினால் கேட்கத் தெரியாத நல்ல புத்தகம் உள்ளே வரவே வராது. நோட்டில் திரும்பத் திரும்ப வருகிற பொருளுக்குப் பாதிக்கு மேல் ஒதுக்குங்கள், மிச்சத்தை உங்கள் தேர்வுக்கு வையுங்கள். தேர்வுக் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதி ஒப்புதல் வாங்கி வைத்துவிடுங்கள். நன்கொடைப் புத்தகங்களுக்கும் அதே கொள்கைதான் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் வீடு காலி செய்கிறவர்கள் எல்லோரும் நம்மைத் தேடி வருவார்கள்.

"இந்தப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் கோபமாக வரும் நாளிலும் அந்த ஒரு பக்கம் உங்களைக் காப்பாற்றும். அமெரிக்காவில் டெமாய்ன் நகர நூலக இயக்குநர் ஃபாரஸ்ட் ஸ்பால்டிங் 1938-இல் இப்படி ஓர் உரிமை அறிக்கையை எழுதினார். மறு ஆண்டே அமெரிக்க நூலகச் சங்கம் அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. வந்தவரிடம் வாதாட வேண்டாம். உட்கார வைத்துக் கேளுங்கள், ஒரு படிவம் கொடுங்கள். முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா, எந்தப் பக்கம், என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள். பாதிப் பேர் படிவத்தை நிரப்ப மாட்டார்கள். நிரப்பிக் கொடுத்தால் குழு கூடி எழுத்தில் பதில் தரட்டும். பதில் வரும் வரை புத்தகம் அடுக்கிலேயே இருக்க வேண்டும். சத்தமில்லாமல் உள்ளறைக்கு மாற்றிவைப்பது தணிக்கைதான், பெயர் மட்டும் வேறு.

வாசகரின் அந்தரங்கம் பற்றி நம் பக்கத்தில் போதிய கவலை இல்லை என்று எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம். பழைய அட்டை முறைகள் சிலவற்றில், யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது புத்தகம் திரும்பி வந்ததும் அழிந்துவிடும். கணினி வந்த பிறகு எல்லாம் நிரந்தரமாகத் தங்குகிறது. 'கோஹா' போன்ற இலவசத் திறமூல மென்பொருளில், திருப்பிய பிறகு இரவல் வரலாற்றைப் பெயரிலிருந்து பிரித்துவிடும் வசதி இருக்கிறது. பலர் அதை இயக்குவதே இல்லை. இயக்குங்கள். 2005-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நாலு நூலகர்கள், வாசகர் தகவல் கேட்டு அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அனுப்பிய ரகசிய உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு அரசு பின்வாங்கியது. நமக்கு அவ்வளவு பெரிய சோதனை வராமல் போகலாம். ஆனால் "என் பொண்ணு என்ன புத்தகம் எடுத்திருக்கா, பாருங்க" என்று யாராவது நாளைக்கே கேட்கலாம். அதற்கு எல்லாப் பணியாளரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். முன்பதிவுப் புத்தகம் வந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்லும்போதுகூட, போனை எடுத்தது முன்பதிவு செய்தவர் இல்லையென்றால் தலைப்பைச் சொல்லாதீர்கள்.

தொந்தரவு தரும் வாசகர்கள் எல்லா இடத்திலும் உண்டு. விதி நடத்தையைப் பற்றியதாக இருக்கட்டும், ஆளைப் பற்றி வேண்டாம். "அழுக்கு உடையோடு வரக் கூடாது" என்பது ஏழையைத் தடுக்கும் விதி. "மற்றவர் படிப்பதைக் கெடுக்கக் கூடாது" என்பது எல்லோருக்குமான விதி. தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமா என்று கேட்பார்கள். குறட்டை விடவில்லை, இடத்துக்கு ஆள் காத்திருக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். சத்தத்துக்கு இடம் பிரிப்பதே தீர்வு. குழந்தைகள் கதை கேட்கும் நேரத்தையும் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் நேரத்தையும் ஒரே அறையில் ஒரே வேளையில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் முகம் சுளிப்பதில் நியாயம் இல்லை. கடுமையாகப் பேச வேண்டியிருந்தால் தாழ்ந்த குரலில், தனியாக, நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை ஒரு நாள் வாசகர் மாதிரி உள்ளே வந்து படித்துப் பாருங்கள். பேசாதே, கொண்டுவராதே, தொடாதே, உட்காராதே. எத்தனை 'ஆதே' என்று எண்ணி, பாதியைக் கிழித்துப் போடலாம்.

மின்நூல் வாங்கச் சொல்லி உங்களை யாராவது நெருக்குவார்கள். அச்சு நூலை வாங்கினால் அது நம்முடையது. மின்நூலில் பெரும்பாலும் உரிமம்தான் வாங்குகிறோம். 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு மின்நூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும் என்று விதி போட்டது நூலக உலகில் பெரிய சர்ச்சையானது. அதனால் ஒப்பந்தத்தில் எத்தனை முறை, எத்தனை ஆண்டு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் மின்வடிவத்தில் தயக்கமே வேண்டாம். 2013-இல் உருவாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றித் தரவும் எல்லை தாண்டிப் பகிரவும் சட்டமே வழி விடுகிறது. திரைவாசிப்பான் போட்ட ஒரு கணினி, தடையில்லாத ஒரு வாசல்படி, இவை இல்லாததால் வராமல் இருப்பவர் நம் நோட்டில்கூட வர மாட்டார். அவர்களைத் தேடி நாம்தான் போக வேண்டும்.

திறந்திருக்கும் நேரத்தையும் அப்படியே பாருங்கள். வேலைக்குப் போகிறவர் வேலையில் இருக்கும் நேரம் மட்டும் நாமும் திறந்து வைத்திருந்தால் அவர் எப்போது வருவார்? கூடுதல் பணியாளர் கிடைக்காவிட்டால், ஆள் குறைவாக வரும் காலை நேரத்தில் ஒரு மணியைக் குறைத்து மாலையில் சேர்க்கலாம். மணிவாரியாக இரண்டு வாரம் தலையை எண்ணினால் எந்த மணி என்று தெரியும். இருப்புச் சரிபார்ப்புக்காக நூலகத்தையே வாரக்கணக்கில் மூடுவதும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பகுதி என்று ஆண்டு முழுவதும் பிரித்துச் செய்யலாம்.

பணியாளர்கள் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. வாசலில் நிற்கும் காவலர்தான் வாசகர் பார்க்கும் முதல் முகம், அவருக்கும் பயிற்சியில் இடம் கொடுங்கள். புகார் வரும்போது வாசகர் முன்னால் பணியாளரைக் கண்டிக்காதீர்கள். ஒரு பணியாளர் விதியைத் தளர்த்தி வாசகருக்கு உதவினார் என்றால், அவர் செய்தது தப்பா, விதி தப்பா என்று முதலில் பாருங்கள். இவ்வளவு வரை நீங்களே முடிவு செய்யலாம் என்று ஒரு வரம்பைக் கொடுத்துவிட்டால், "மேலதிகாரியைக் கேட்டுச் சொல்றேன்" என்று வாசகரை நிற்க வைப்பது குறையும்.

கடைசியாகப் பணம். நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஃப்.எல்.ஏ., யுனெஸ்கோ இரண்டும் சேர்ந்து வெளியிடும் பொது நூலக அறிக்கை 1994 பதிப்பிலும் 2022 பதிப்பிலும், பொது நூலகம் கொள்கையளவில் கட்டணமில்லாமல் இருக்க வேண்டும், செலவை அரசு ஏற்க வேண்டும் என்கிறது. அதை மேற்கோள் காட்டினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தலையாட்டுவார், நிதி வராது. நிதிக் குழுவுக்குப் போகும்போது மூன்று மாத நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள்: இத்தனை பேர் இன்னின்ன பொருளில் கேட்டார்கள், இத்தனை பேருக்கு இன்ன காரணத்தால் கொடுக்க முடியவில்லை, அதில் இவ்வளவை நாங்களே செலவில்லாமல் சரிசெய்துவிட்டோம், மிச்சத்துக்கு இவ்வளவு வேண்டும். செய்து முடித்ததை முதலில் காட்டிவிட்டுக் கேட்கிறவருக்குக் கொடுப்பது அவர்களுக்கும் சுலபம். அந்தத் தாளின் ஒரு பிரதியை வாசகர் படிக்கும்படி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவையுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் அதைப் படித்த யாராவது ஒருவர் குழு உறுப்பினரிடம் உங்களுக்காகப் பேசியிருப்பார்.